டைலர் தனியாக நிற்கிறான்

இது ஏழாவது தடவை. திரையில் நான் மறுபடியும் பந்தை வாங்குகிறேன், மூன்றடி பின்னால் போகிறேன், தலையை இடது பக்கம் திருப்புகிறேன், வலது பக்கம் திருப்புகிறேன், பிறகு பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுகிறேன். நாலு கஜம். வேண்டியது ஆறு. இரண்டு பேர் என்மேல் விழுகிறார்கள், மூன்றாவது ஒருத்தன் தேவையே இல்லாமல் வந்து விழுகிறான், அவனுடைய முழங்கை இன்னும் என் விலாவிலேயே இருக்கிறது, மூச்சை இழுத்தால் தெரிகிறது. கோச் டோலனின் கையிலிருந்து ஒரு சிவப்பு வெளிச்சப் புள்ளி கிளம்பித் திரையில் ஊர்ந்துபோய் மைதானத்தின் நடுவில் நிற்கிற டைலரின் தலைமேல் உட்கார்கிறது. டைலர் தனியாக நிற்கிறான். சுற்றிப் பத்து கஜத்துக்கு ஆள் கிடையாது. கையை வேறு ஆட்டுகிறான், பஸ்ஸை நிறுத்துகிற மாதிரி. "ரெஜ், இங்க என்ன பார்த்தே?" கோச் கேட்கிறார். என் பெயர் ரெஜின். இந்த ஊரில் யாருக்கும் கடைசி எழுத்து வரைக்கும் வரப் பொறுமை இல்லை. முப்பது பேர் உட்கார்ந்திருக்கிற இருட்டறை, ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணி, வெளியே கான்சாஸ் வெயில் கண்ணைப் பறிக்கிற மாதிரி அடித்துக்கொண்டிருக்கும், உள்ளே வியர்வைத் துணி வாசனையும் பழைய பீட்ஸா வாசனையும். நேற்று மூன்று புள்ளியில் தோற்றோம். "மறுபடி போடு" என்கிறார் கோச். கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிற காலெப் பொத்தானை அமுக்குகிறான். நான் பின்னாலேயே எழுந்திருக்கிறேன், என்மேல் விழுந்தவர்கள் பறந்து போகிறார்கள், நான் பின்னாலேயே ஓடி வந்து நிற்கிறேன். எட்டாவது தடவை.

என்ன பார்த்தே, என்ன பார்த்தே. பள்ளிக்கூடத்தில் ஜன்னலுக்கு வெளியே பார்த்த பையனை எழுப்பி நிறுத்திக் கேட்கிற குரல். எனக்குக் கண் இல்லை என்று நினைக்கிறாரா? நினைக்கிறார். எல்லாரும் நினைக்கிறார்கள். டி.வி.யில் மேட்ச் சொல்கிற ஆள் நேற்று என்ன சொன்னான் தெரியுமா, பையனுக்குக் கால் கடவுள் கொடுத்தது, தலைதான் இன்னும் வளரணும் என்றான். என் அம்மா அதைக் கேட்டிருக்கிறாள். இந்த ஊர் ஆஸ்பத்திரியில் அவள் நர்ஸ், ஒவ்வொரு நோயாளியின் அறையிலும் அந்த டி.வி. ஓடிக்கொண்டிருந்திருக்கும், ஒருத்தருக்கு ஊசி போட்டுக்கொண்டே கேட்டிருப்பாள். சாயங்காலம் போன் பண்ணினாள். "எல்லாவனும் ஓடத்தானே செய்யுதான் மக்கா, நீ ஓடினா மட்டும் என்னத்துக்கு ஏசுதானுவ?" ஏழு வருஷமாக விளக்குகிறேன். பந்து முதலில் என் கைக்குத்தான் வரும் அம்மா, நான் நிற்கிற இடத்துக்குக் குவார்ட்டர்பேக் என்று பெயர், நாலு முயற்சிக்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும், நான் அதைத் தூரத்தில் ஓடுகிறவனுக்கு எறியலாம், பக்கத்தில் நிற்கிறவன் வயிற்றில் திணித்து அவனை ஓடவிடலாம், இல்லையென்றால் நானே தூக்கிக்கொண்டு ஓடலாம். "ஓடலாம்லா? பொறவு என்ன?" என்றாள். ஓடலாம்தான். சட்டம் தடுக்கவில்லை. ஆனால் எறிகிறவனுக்கு மூளை இருப்பதாக அர்த்தம், ஓடுகிறவனுக்குக் கால் மட்டும் இருப்பதாக அர்த்தம். போன மாதம் நான் நாற்பது கஜம் ஓடிப்போய் ஜெயித்துக் கொடுத்தபோது இதே கோச் டோலன் என்னைத் தூக்கிச் சுற்றினார். அன்றைக்கும் டைலர் எங்கேயோ தனியாகத்தான் நின்றிருப்பான். அன்றைக்கு யாரும் சிவப்புப் புள்ளியை எடுத்துக்கொண்டு அவனைத் தேடிப் போகவில்லை.

ஒன்பது. என்னை இந்த ஆட்டத்துக்குள் இழுத்ததே என் கை. அதுவாவது இந்த அறையில் யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? பன்னிரண்டு வயதில் மார்த்தாண்டத்திலிருந்து வந்த புதிதில் இந்த முட்டை மாதிரி பந்தை நான் தொட்டதுகூட இல்லை. கிரிக்கெட்தான். பள்ளி மைதானத்தின் வேலியோரம் ஒரு பந்து வந்து விழுந்தது, எடுத்து எறிந்தேன், பவுண்டரியிலிருந்து ஸ்டம்பைப் பார்த்து எறிகிற பழக்கத்தில் எறிந்தேன், அது மைதானம் முழுக்கத் தாண்டிப்போய் உடற்பயிற்சி ஆசிரியரின் கையில் விழுந்தது. அவர் என்னையும் வேலியையும் மாறி மாறிப் பார்த்தார். அன்றிலிருந்து நான் கை. ரெஜின் என்றால் கை. இந்தக் கல்லூரி என்னை எடுத்ததும் கைக்காகத்தான், அந்தக் கடிதம் வீட்டில் இருக்கிறது, அதில் கால் என்ற வார்த்தையே கிடையாது. முதல் வருஷம் நான் எறிந்ததெல்லாம் இந்தக் கம்ப்யூட்டருக்குள்தான் இருக்கிறது. அதோ சுவரில் தொங்குகிற படத்தைப் பாருங்கள் கோச், நீங்களே தொங்கவிட்டதுதான், நான் எறிந்த ஒவ்வொரு பந்தும் போய் விழுந்த இடத்தில் ஒரு புள்ளி. நேற்று பதினொன்று எறிந்தேன், இருபத்திரண்டு ஓடினேன். அந்தப் பதினொன்றும் எங்கே? இடது ஓரத்தில் ஆறு, வலது ஓரத்தில் ஐந்து. அதற்கு முந்தின மேட்ச்? ஓரம். அதற்கு முந்தினது? ஓரம். நடுவில் ஒரு புள்ளி இல்லை. பதினோரு மாதமாக நடுவில் ஒரு புள்ளிகூட இல்லை, வழித்து விட்ட மாதிரி வெள்ளையாகக் கிடக்கிறது, வாரா வாரம் நீங்கள் அதன் முன்னால் நின்றுதான் காபி குடிக்கிறீர்கள். ஏண்டா என்று ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை ஒருத்தர் கேட்டிருக்கலாம்.

காலெப் கேட்டதில்லை. காலெப்பிடம் எப்படி எதிர்பார்ப்பது. திரும்பிப் பார்க்காமலே தெரிகிறது அவன் எப்படி உட்கார்ந்திருப்பான் என்று, மஞ்சள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, திரையின் வெளிச்சம் நேராகப் படாத மூலையில், ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு. ஓடிப்போய்ப் பந்து பிடிக்கிற கை அது. கோதுமை வயல்காரர் மகன், விரல் ஒவ்வொன்றும் கயிறு மாதிரி இருக்கும், அந்தக் கைக்குப் போன பந்து திரும்பி வந்ததில்லை. போன வருஷம் அக்டோபர் வரைக்கும். மூன்றாவது முயற்சி, எட்டு கஜம் வேண்டும், காலெப் நடுவில் குறுக்காக ஓடினான், நான் பார்த்தேன், பார்த்தேன் கோச், நன்றாகவே பார்த்தேன், எறிந்தேன். பந்து ஒரு கை உயரம் கூடப் போய்விட்டது. ஒரு கை உயரம்தான். அதனால் அவன் குதிக்க வேண்டியதாயிற்று, குதித்து இரண்டு கையையும் மேலே நீட்டினால் விலாவும் கழுத்தும் தலையும் யாருக்கும் சொந்தமில்லாமல் காற்றில் இருக்கும், அந்த நேரம் பார்த்து எதிரணிக்காரன் ஒருத்தன் தலையைத் தாழ்த்திக்கொண்டு வந்து சேர்ந்தான். அந்தச் சத்தம். மரக்கதவு காற்றில் அறைந்து சாத்துகிற சத்தம். காலெப் கீழே கிடந்தான், ஒரு கை மட்டும் முழங்கையிலிருந்து வானத்தைப் பார்த்து விறைத்து நின்றது, விரல்கள் மடங்கி, யாரையோ கூப்பிடுகிற மாதிரி. இன்னொரு கையில் பந்து இருந்தது. அதை அவன் விடவில்லை. அதனால் அது பாஸ் என்று கணக்கில் ஏறியது. இருபத்து மூன்று கஜம், வெற்றிகரமான பாஸ், எறிந்தவர் ரெஜின். என் பெயருக்கு நேரே இன்றைக்கும் இருக்கிறது. நான் ஓரத்துக்கு நடந்து வந்தபோது கோச் டோலன் என் ஹெல்மெட்டில் ஓங்கித் தட்டினார். "அழகான பந்து மகனே, ரொம்ப அழகான பந்து!" ஸ்ட்ரெச்சர் அப்போதுதான் மைதானத்துக்குள் போய்க்கொண்டிருந்தது.

பத்து. இரண்டு மாதம் காலெப் ஜன்னல் திரையை இழுத்து மூடிய அறையில் படுத்திருந்தான். என் அம்மா வேலை பார்க்கிற ஆஸ்பத்திரிதான், அவள் வார்டுதான். வீட்டுக்கு வந்தால் அவனைப் பற்றி ஒன்றும் சொல்ல மாட்டாள், அது அவள் தொழில் ஒழுக்கம், ஆனால் கைகழுவிக்கொண்டு நிற்கும்போது குழாயை மூட மறந்து நிற்பாள். நான் இரண்டு தடவை போனேன். முதல் தடவை அவன் தூங்கினான். இரண்டாவது தடவை கரண்டி என்ற வார்த்தையைத் தேடிக்கொண்டிருந்தான், அது, அது, அந்த வளைஞ்சது, என்று கையால் காட்டினான், நான் எடுத்துக் கொடுத்துவிட்டு ஓடி வந்துவிட்டேன். இனி ஆடக்கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். படிப்புச் செலவைக் கல்லூரி தொடர்ந்து கொடுக்க ஒரு காரணம் வேண்டுமே, அதற்காக ரிமோட்டைக் கையில் கொடுத்து உட்கார வைத்திருக்கிறார்கள். இப்போது சொல்லுங்கள், நான் எறியணுமா? நடுவில் எறியணுமா? பந்தை எறிகிறது என்றால் என்ன, அடியை இன்னொருத்தன் விலாசத்துக்கு அனுப்புகிறது. பந்து என் கையில் இருக்கிற வரைக்கும் எல்லாரும் என்னைத்தான் தேடி வருவார்கள். வரட்டும். முழங்கை என் விலாவுக்கு வரட்டும், தோள் என் தோளுக்கு வரட்டும், வலியைத் தடவிப் பார்த்து இது நேற்று வாங்கினது, இது போன வாரத்தது என்று என்னால் சொல்ல முடியும், யார் அறையிலும் போய்க் கரண்டி எடுத்துக் கொடுக்க வேண்டியதில்லை. அதற்குப் பெயர் பார்க்கத் தெரியாததா? தலை வளராததா? நான் ஒருத்தன்தான் இந்த அறையில் முழுவதும் பார்க்கிறேன். நீங்கள் டைலர் தனியாக நிற்பதைப் பார்க்கிறீர்கள். பந்து அவனிடம் போய்ச் சேர ஒன்றரை நொடி ஆகும், அந்த ஒன்றரை நொடி கழித்து அவன் தனியாக இருக்க மாட்டான், அதை நான் பார்க்கிறேன்.

"போதும், நிறுத்து" என்கிறார் கோச். திரை உறைகிறது. நான் ஒரு காலைத் தூக்கியபடி நிற்கிறேன், டைலர் கையைத் தூக்கியபடி நிற்கிறான். கோச் என்னைப் பார்க்காமல் மேஜையில் சாய்ந்துகொண்டு சொல்கிறார். "சனிக்கிழமை உன் இடத்துல மேசன் ஆடுவான். ரெஜ், நாளையிலிருந்து நீ ஓடுறவங்க பக்கம் போய் நில்லு. இது தண்டனை இல்ல. உனக்குக் கால் இருக்கு, அதை வீணாக்கக் கூடாது. எல்லாருக்கும் எல்லாத்தையும் பார்க்க வராது, அதுல தப்பு ஒண்ணும் இல்ல." அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்புதான் தாங்க முடியவில்லை. மேசன் முன் வரிசையில் தன் ஷூவைக் குனிந்து பார்க்கிறான், நல்ல பையன், சிரிக்கவில்லை, சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. எனக்குக் காது சுட்டது. எழுந்து நின்றதே தெரியவில்லை, நாற்காலி பின்னால் போய் விழுந்த சத்தத்தில்தான் தெரிந்தது. "எனக்குப் பார்க்க வராதா? எதிரணியில பின்னால நிக்கிற ரெண்டு பேர்ல இடது பக்கத்து ஆள் பந்து வர்றதுக்கு முன்னாலேயே வலது காலை மாத்தி வச்சான், அதனால அவன் ஓரத்துக்குப் போவான்னு தெரியும். நடுவுல இருந்தவன் என் கண்ணைப் பார்த்துட்டு இருந்தான், நான் வலது பக்கம் திரும்பினதே அவனை இழுக்கத்தான், அவன் வந்தான். அதனாலதான் டைலர் தனியா நிக்கிறான். அவன் தானா தனியா நிக்கல. நான் நிக்க வச்சேன்." கோச் மெதுவாக நிமிர்ந்தார். "பின்ன ஏன் எறியல?" பதினோரு மாதம் கழித்துக் கேட்டுவிட்டார். நான் காத்திருந்த கேள்வி. "அக்டோபர்ல அழகான பந்துன்னு என் ஹெல்மெட்டுல தட்டினீங்களே, அப்ப நீங்க என்ன பார்த்தீங்க கோச்?" என்றேன். அவர் முகத்தில் அது எந்த நாள் என்று தேடுகிறது தெரிந்தது. தேடிக் கண்டுபிடித்ததும் தெரிந்தது. "நான் கோட்டைப் பார்த்துட்டு இருந்தேன்" என்றார். "எட்டு கஜம் தாண்டிச்சான்னு பார்த்தேன்." பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதற்காக அவரைக் கொஞ்சம் மன்னிக்கத் தோன்றியது, மன்னிக்கத் தோன்றியதே எரிச்சலாக இருந்தது.

அதோடு முடிந்திருந்தால் நான் ஜெயித்திருப்பேன். "ஒரு நிமிஷம்" என்றான் டைலர். அவன் என் வரிசையிலேயேதான் உட்கார்ந்திருந்தான், இவ்வளவு நேரம் அவனைத் திரையில் மட்டும்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். "அப்ப நீ என்னைப் பார்த்தே. ஒவ்வொரு தடவையும் பார்த்தே. நான் மூணு மேட்சா நடுவுல ஓடி ஓடிக் கையைக் காட்டறேன், எனக்கு ஏதோ குறைன்னு நினைச்சு ராத்திரியெல்லாம் கால் வைக்கிறதை மாத்திப் பார்க்கறேன், எங்க அப்பா கேட்கிறார் உனக்கு ஏன்டா பந்தே வரலைன்னு. நான் அடிபடணுமா வேண்டாமான்னு முடிவு பண்ண நீ யாரு?" அவன் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை, உன்னைக் காப்பாற்றினேன் முட்டாளே என்று கத்த வாயைத் திறந்தேன். பின்னாலிருந்து காலெப்பின் குரல் வந்தது. உரக்கப் பேசினால் அவனுக்கு மண்டை வலிக்கும், அதனால் சின்னக் குரல், எல்லாரும் மூச்சை அடக்கிக் கேட்க வேண்டியிருந்தது. "என் பேரை இதுல இழுக்காதே ரெஜின்." முழுப் பெயர். "நான் உன் பேரைச் சொல்லவே இல்லையே" என்றேன். "பதினோரு மாசமா சொல்லிட்டுத்தான் இருக்கே. ஒவ்வொரு தடவை நீ ஓடும்போதும் சொல்றே. இந்த ரிமோட்டைப் பிடிச்சுக்கிட்டு வாரா வாரம் நான் வேற என்னத்தைப் பார்க்கிறேன்னு நினைச்சே? அந்தப் பந்து எனக்கு வேணும்னு கேட்டது நான். அந்த முயற்சிக்கு முன்னால எல்லாரும் கூடி நிக்கும்போது உன் சட்டையைப் பிடிச்சுக் கேட்டேன், நடுவுல போடு, எவ்வளவு உயரம் வேணும்னாலும் போடு, எடுத்துடுவேன்னு. எடுத்தேனா இல்லையா?" "எடுத்தே" என்றேன். "அது நான் எடுத்த பந்து. நீ அதை உன்னோட தப்புன்னு ஆக்கிட்டே. எனக்கு மிச்சம் இருக்கிறது அது ஒண்ணுதான்டா." நான் நின்றுகொண்டே இருந்தேன். ஒரு கை உயரம், ஒரு கை உயரம் என்று நான் எத்தனை ராத்திரி அளந்திருக்கிறேன். இவன் அந்த உயரத்தைக் கேட்டு வாங்கியிருக்கிறான். எனக்கு எப்படி அது மறந்து போனது? சட்டையைப் பிடித்தான், ஆமாம், பிடித்தான், தையல் விட்டுப்போகிற மாதிரி பிடித்தான்.

கோச் விளக்கைப் போட்டார். எல்லாரும் கண்ணைக் கசக்கினார்கள், காலெப் முகத்தைக் கைக்குள் வைத்துக்கொண்டான், அதைப் பார்த்ததும் கோச் மறுபடி விளக்கை அணைத்தார். சனிக்கிழமை மேசன்தான், அதில் மாற்றம் இல்லை என்று இருட்டிலேயே சொன்னார், மற்றதை நாளைக்குப் பேசுவோம் என்றார், கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு எல்லாரையும் வெளியே அனுப்பினார். டைலர் என்னைத் தாண்டிப் போகும்போது தோளில் இடித்துவிட்டுப் போனான், தெரிந்தேதான் இடித்தான். விழுந்த நாற்காலியை எடுத்து நிறுத்தினேன். எனக்கு இன்னும் ஆறவில்லை. கோச் மேல் ஆறவில்லை, டி.வி.க்காரன் மேல் ஆறவில்லை, நன்றி கெட்ட டைலர் மேல் ஆறவில்லை, எல்லாவற்றையும் ஒரே பேச்சில் என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்ட காலெப் மேல்தான் கொஞ்சமும் ஆறவில்லை, ஏனென்றால் அவன் சொன்னது சரியாக இருந்தால் நான் பதினோரு மாதம் வாங்கிய அடியெல்லாம் யாருக்காக? விலா வலித்தது. அது யாருக்காகவும் வலிக்கவில்லை, சும்மா வலித்தது. அறையில் நாங்கள் இரண்டு பேர்தான். காலெப் கம்பிகளைச் சுருட்டிக்கொண்டிருந்தான், ஒரு கம்பியைச் சுருட்டி முடித்து மறுபடி பிரித்து மறுபடி சுருட்டினான். "உட்காரு" என்றான். நான் இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்தேன். "எனக்கு அந்த நாள் ஞாபகம் இல்ல" என்றான். "அன்னைக்குக் காலையில தின்ன முட்டை ஞாபகம் இருக்கு. அப்புறம் உங்க அம்மா முகம் ஞாபகம் இருக்கு. உன் சட்டையைப் பிடிச்சதுகூட மேசன் சொல்லித்தான் தெரியும். படத்துல பார்த்திருக்கேன், கூரை உயரத்துல இருந்து எடுத்தது, சத்தம் கிடையாது, நான் ஒரு எறும்பு மாதிரி போய்க் குதிக்கிறேன்." கம்பியைக் கீழே வைத்தான். "கீழ விழுந்ததுக்கு அப்புறம் நடந்ததை எல்லாரும் சொல்லிட்டாங்க. ஆளாளுக்குச் சொல்லிட்டாங்க. அதுக்கு முன்னால உள்ளதைச் சொல்ல ஒருத்தன்தான் இருக்கான், அவன் பதினோரு மாசமா என்னைக் கண்டா ஓடறான். சொல்லு." அவன் கண்ணாடியைக் கழற்றினான். இருட்டில் அவன் கண்ணை அவ்வளவு பக்கத்தில் பார்த்து வெகு நாளாகியிருந்தது. என்ன சொல்வது, எங்கே ஆரம்பிப்பது, அந்தச் சத்தத்துக்கு முன்னால் ஏதாவது இருந்ததா என்ன, நான் எப்போது நினைத்தாலும் அந்தச் சத்தத்திலிருந்துதானே ஆரம்பிக்கிறேன். "காத்து இருந்துச்சு" என்றேன். "எதிர்காத்து. நீ இடது பக்கத்துல இருந்து கிளம்பினே, முதல் மூணு அடி சோம்பேறி மாதிரி வச்சே, உன் முன்னால நின்னவன் நம்பிட்டான், அப்புறம் ஒரே வெட்டு, அவன் வழுக்கிக் கையை ஊனிட்டான், புல்லுத் துணுக்கு பறந்துச்சு. நீ என்னைப் பார்த்துச் சிரிச்சே." "சிரிச்சேனா?" "சிரிச்சே. பந்து என் கையை விட்டதும் எனக்குத் தெரிஞ்சு போச்சு, ஜாஸ்தி போயிட்டுன்னு. உனக்கும் தெரிஞ்சுது. நீ குதிக்கலை காலெப், நீ ஏறினே. படியில ஏறுற மாதிரி. அந்த இடத்துல படியே இல்ல. விரல் நுனியில பட்டுது, பட்டுச் சுத்திக்கிட்டே இருந்துச்சு, நீ அதை அதட்டி நிறுத்துற மாதிரி உள்ளங்கைக்குள்ள இழுத்தே. எங்க பக்கத்துல பெஞ்ச்ல இருந்தவங்க அத்தனை பேரும் ஒரே நேரத்துல எந்திரிச்சாங்க." "அப்புறம்?" என்றான். "அப்புறம் கொஞ்ச நேரம் நீ மேலேயே இருந்தே" என்றேன்.